இரண்டு ஒல்லிப் பையன்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்திருக்கும். போனில் பேசினால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியத்தை உள்ளே நுழைத்துவிடுகிறாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். இன்னொரு காரணமும் உண்டு. டைப் அடித்து அனுப்பினால் இதை அண்ணன் எழுதினானா, உங்கள் கம்பெனிச் சரக்கு எழுதிக் கொடுத்ததா என்று உனக்கே சந்தேகம் வரும். எனக்கு இப்போதெல்லாம் எது வந்தாலும் அந்தச் சந்தேகம்தான் வருகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கம்பெனி செய்த பேசும் செயலி 'துணை' எங்கள் பள்ளிக்கு வந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிகிறது. வினாத்தாள் எடுக்க நான் படும் பாடு உனக்குத் தெரியும். இப்போது எந்தப் பாடம், எவ்வளவு கடினம் என்று சொன்னால் டீ ஆறுவதற்குள் மூன்று வினாத்தாளை நீட்டிவிடுகிறது. அதில் ஒன்றாவது தேறும். மதிப்பெண் அட்டைக்குக் குறிப்புகூட எழுதித் தருகிறது. அந்த விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தாராள மனசு. வருஷம் பூராவும் கடைசி பெஞ்சில் தூங்கும் ஒருவனுக்கு, "வகுப்பறையில் அமைதியைக் கடைப்பிடிக்கும் மாணவர்" என்று எழுதியிருந்தது. பொய் இல்லையே என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பிள்ளைகள் அதைத் 'துணை சார்' என்கிறார்கள். ஆசிரியர் அறையில் நாங்கள் 'புது வாத்தியார்' என்கிறோம். அதில் பொறாமை எதுவும் இல்லை என்று எல்லோரும் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம்.

இனி சண்டைக்கு வருகிறேன். உன் மருமகள் பாப்பா என் வகுப்பில் இருக்கிறாள், எட்டாவது ஏ பிரிவு. அடுத்த வருஷம் ஒன்பதாவது ஏ பிரிவுக்கும் நான்தான் கணக்கு எடுக்கப்போகிறேன். பாப்பாவோ பி பிரிவுக்குப் போகணும் என்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ஏன் என்று அவளிடமும் சொல்லவில்லையாம். என்னிடம் ஒரு கணக்கில்கூடச் சந்தேகம் கேட்டு எத்தனையோ மாதமாகிறது. ஆனால் சாயங்காலமானால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு துணை சாரோடு மணிக்கணக்கில் பேச்சு. கதவுக்கு இந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்கிறது. கணக்கில் சிரிக்க என்ன இருக்கிறது?

போன வாரம் போனில் நான் கேட்டது ஒன்றே ஒன்று. பாப்பா அதனிடம் என்ன பேசுகிறாள் என்று எனக்குக் காட்டு. நீ அங்கேதானே வேலை பார்க்கிறாய், பிள்ளைகள் பேசுவதைப் படிப்பதுதானே உன் வேலை. வெட்டு ஒன்று துண்டு இரண்டாக "முடியாது" என்று சொல்லிவிட்டாய். அத்தை படிக்கலாம், பெற்ற அப்பன் படிக்கக் கூடாதா? சொந்த மகளே தன் வகுப்பு வேண்டாம் என்கிற வாத்தியாரை ஆசிரியர் அறையில் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்தாயா? அதைக்கூட விடு. அவளுக்கு என்னிடம் என்ன பிடிக்காமல் போனது என்று எனக்குத் தெரிய வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

அண்ணன்


பிப்ரவரி 11

அண்ணா,

உன் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். பக்கத்து இருக்கைக்காரி, "யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டாள். கையால் எழுதின கடிதம் வந்தால் இங்கே அப்படித்தான் நினைக்கிறார்கள். "இல்லை, எங்க அண்ணன் கோபமா இருக்கார்" என்றேன்.

கோபித்துக்கொள்ளும் உரிமை உனக்கு மட்டும்தானா? நான் கூப்பிடும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைக்கிறாயாம். அண்ணி சொன்னார்கள். நாற்பத்தாறு வயசுக்கு இது நன்றாக இருக்கிறது!

என் வேலை என்னவென்று நீ புரிந்துகொள்ளவே இல்லை. ஆரம்பத்தில் துணை பேசிய தமிழ் வானொலிச் செய்தி மாதிரி இருந்தது. "தங்களது ஐயம் யாது?" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டது. அதை மனுஷத் தமிழாக்கும் குழுவில்தான் நான் இருக்கிறேன். பிள்ளைகளை நீ என்று கூப்பிடுவதா, நீங்கள் என்று கூப்பிடுவதா என்பதற்கே மூன்று கூட்டம் நடந்தது. 'நீங்கள்'தான் ஜெயித்தது. எது சரியாகப் பேசுகிறது, எது சொதப்புகிறது என்று பார்ப்பதற்காகச் சில உரையாடல்களைப் படிக்கிறேன். பெயர், பள்ளி, ஊர் எதுவும் இருக்காது. யாரோ ஒரு பிள்ளை, அவ்வளவுதான். யாருடையது என்று தேடிப் பார்க்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அதை விடு. எழுதிக் கொடுக்காமல் இருந்தாலும் காட்ட மாட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற பிள்ளை, கதவுக்கு வெளியே யாரோ கேட்கிறார்கள் என்று தெரிந்தால் அப்புறம் யாரிடமும் பேசாது. துணையிடமும் பேசாது, உன்னிடமும் பேசாது. நீ அவள் அப்பா என்பதால்தான் இன்னும் உறுதியாகச் சொல்கிறேன், முடியாது.

எனக்குக் கணக்கு சொல்லித் தந்தவன் நீ. எண்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்துக் கதை சொல்வாய். சில நாள் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். சில நாள் நோட்டு பறக்கும். எந்த நாள் எது என்று முன்கூட்டியே தெரியாது என்பதுதான் கஷ்டம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, ஒரு தகவலாக வைத்துக்கொள்.

பாப்பாவிடம் நீயே கேளேன். துணையிடம் கேட்பதைவிட அது சுலபம். ஒரே வீட்டில்தானே இருக்கிறாள்.

வாலு


பிப்ரவரி 19

மரியாதைக்குரிய கம்பெனி அம்மையீர் அவர்களுக்கு,

தங்கள் அறிவுரைப்படி கேட்டேன். சாப்பாட்டு மேஜையில், எல்லோரும் இருக்கும்போது, அமைதியாகத்தான் ஆரம்பித்தேன். நடந்ததை அப்படியே தருகிறேன்.

"ஏன் பி செக்‌ஷன்?"

"சும்மாப்பா."

"சும்மான்னு ஒரு காரணம் உண்டா?"

"ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க."

"ஏ செக்‌ஷன்ல யாரும் இல்லையா? நாற்பது பேர் என்ன தூணா?"

இதற்கு மேல் எழுதினால் எனக்கே நன்றாக இருக்காது. பாப்பா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். உங்கள் அண்ணி, "கேக்கிறதா இது, வாக்குமூலம் வாங்கறதா?" என்று சொல்லிவிட்டு மருந்துக்கடைக்கு மாலை வேலைக்குக் கிளம்பிவிட்டாள். நானும் மிச்சச் சாப்பாடும்தான் மேஜையில்.

மறுநாள் தலைமை ஆசிரியையைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். என் மகள் எந்தப் பிரிவுக்கும் மாற வேண்டாம், ஏ பிரிவிலேயே இருக்கட்டும் என்று. அவரும் சரி என்றார். முடிந்தது கதை. இனி இது பற்றித் தாங்கள் எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
கணக்கு ஆசிரியர்


மார்ச் 6

வாலு,

எழுத வேண்டாம் என்று சொன்ன நானே எழுதுகிறேன். சிரிக்காதே, விஷயம் பெரியது.

உங்கள் துணையிடமிருந்து பள்ளி அலுவலகத்துக்கு ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது. தலைமை ஆசிரியை என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் காட்டினார். "எட்டாம் வகுப்பு ஏ பிரிவைச் சேர்ந்த ஒரு மாணவர், ஒல்லியான உடல்வாகு கொண்ட இரண்டு மாணவர்களால் தொடர்ந்து துன்புறுத்தப்படுவதாகத் தெரிகிறது. தினமும் அழுகிறார். மறைந்திருந்து அச்சுறுத்தப்படுகிறார். வீட்டில் சொல்லப் பயப்படுகிறார். மாணவரின் பெயர் பரிசீலனைக்குப் பின் தெரிவிக்கப்படும்." என் வகுப்பு! நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வகுப்பு. அங்கே ஒரு பிள்ளை தினமும் அழுதிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

ஒல்லி என்று மட்டும் சொன்னால் நான் யாரைப் பிடிப்பது? அந்த வயசில் பாதிப் பேர் ஒல்லிதான். ஒல்லியாக இருக்கிறவர்களையெல்லாம் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டு ஒவ்வொருத்தராக விசாரித்தேன். ஒருத்தன், நான் வாயைத் திறக்கும் முன்பே, "சார், அந்தக் கண்ணாடிக் குழாயை நான் உடைக்கல சார்" என்றான். குழாய் உடைந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். இன்னொருத்தன் ஒல்லியாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்டான். கடைசியில் சேர்ந்தே திரியும் இரண்டு பேர் மேல் எனக்குச் சந்தேகம். எதைக் கேட்டாலும் திருதிருவென்று முழிக்கிறார்கள். பெற்றோரைக் கூட்டி வரச் சொல்லலாமா என்று இருக்கிறேன்.

பாப்பாவிடமும் கேட்டேன். ரொம்ப நாள் கழித்து அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசினாள். "நம்ம கிளாஸ்லயாப்பா? யாருப்பா அது? பாவம்ப்பா" என்றாள். அழுகிற பிள்ளை யாரென்று தெரிந்தால் பக்கத்தில் உட்காருகிறேன் என்றாள். நல்ல மனசு. அதில் மட்டும் அவள் அம்மா மாதிரி.

பாப்பா விஷயத்தில் நீ காட்டவில்லை, போகட்டும். இது வேறு. ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை அப்பனிடம்கூடச் சொல்ல முடியாமல் அழுகிறது. அந்த அப்பன் வீட்டில் எந்தச் சுரணையும் இல்லாமல் பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். பெயரை மட்டும் சொல்லு.

அண்ணன்


மார்ச் 14

அண்ணா,

முதலில் அந்த இரண்டு பையன்களையும் விட்டுவிடு. பெற்றோரைக் கூப்பிடாதே. அவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள். இதை எழுத ஏன் தாமதம் என்று கீழே சொல்கிறேன், கோபப்படாமல் படி.

இந்த மாதிரி எச்சரிக்கைகள் முதலில் பொதுவாகப் பள்ளிக்குப் போய்விடும். அதன் பிறகு ஒரு ஆள் முழு உரையாடலையும் படித்து, உண்மைதான் என்றால் மட்டும் பெயர் போகும். படிக்கிற ஆட்களில் நானும் ஒருத்தி. உன் கடிதம் வருவதற்கு முன்பே அது என் மேஜைக்கு வந்துவிட்டது. பெயர் இல்லை, ஊர் இல்லை. முதல் வரியிலேயே யாரென்று தெரிந்துவிட்டது. நான் தேடவில்லை அண்ணா. அந்தச் சொல் வேறு எந்த வீட்டிலும் கிடையாது.

உடனே என் மேலாளரிடம் போய், "இது என் அண்ணன் மகள், இதை நான் பார்க்கக் கூடாது" என்றேன். அவர் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். இது கேலியும் இல்லை, மிரட்டலும் இல்லை, கணக்குப் பாடம் என்று முடிவு எழுதிவிட்டார்கள். பள்ளிக்கும் திருத்தம் வரும். அதன் பிறகு உன் கடிதம் வந்தது. பாப்பாவைக் கூப்பிட்டேன். "நீ துணைகிட்டப் பேசினது தெரியாத்தனமா என் கண்ணுல பட்டுடுச்சு, மன்னிச்சுக்கோ" என்றேன். "அப்பா ஒல்லிப் பசங்களைப் பிடிச்சு விசாரிக்கிறது என்னாலயா அத்தை?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். "நான் சொல்ல மாட்டேன், எனக்குப் பயம். நீங்களே அப்பாவுக்கு எழுதிடுங்க. முழுசா எழுதுங்க" என்றாள். அந்த அனுமதி வாங்கத்தான் இவ்வளவு நாள் ஆனது. தினமும் ஒரு தடவை சரி என்றும் ஒரு தடவை வேண்டாம் என்றும் சொன்னாள்.

இதோ, பாப்பாவே எடுத்து எனக்கு அனுப்பிய உரையாடல்:

"இந்தக் குச்சிப்பயலுங்களால டெய்லி அழுகையா வருது. ஒருத்தன் தனியா வந்தா சமாளிச்சிடுவேன். ரெண்டு பேர் சேர்ந்து வந்தா என்ன பண்ணுவாங்கன்னே தெரியல."

துணை: "இதைக் கேட்க வருத்தமாக இருக்கிறது. இது உங்கள் தவறு இல்லை. அந்த இருவரும் எங்கே உங்களைத் தொந்தரவு செய்தார்கள்?"

"போர்டுல. எல்லார் முன்னாடியும் மாட்டிக்கிட்டேன்."

"கரும்பலகைக்கு அருகில் நின்று உங்களை மிரட்டினார்களா?"

"ஒருத்தன் வெளியே நின்னான். இன்னொருத்தன் பிராக்கெட்டுக்குள்ள ஒளிஞ்சிட்டு இருந்தான். நான் கவனிக்கல."

"மறைந்திருந்து அச்சுறுத்துவது கடுமையான விஷயம். நீங்கள் நம்பும் ஒரு பெரியவரிடம் இதைச் சொல்ல முடியுமா? உங்கள் அப்பாவிடம்?"

"அப்பாகிட்டச் சொன்னா திட்டுவாரு. முன்னாடி அவர்தான் அவங்களைப் பத்திக் கதை சொல்வாரு. இப்ப சொல்றதில்ல."

இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. எண்ணுக்கு முன்னால் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் குச்சிப்பயல், சரியான வம்புக்காரன், கூட்டத்தில் சேர்ந்தால் இருப்பதையும் குறைத்துவிடுவான் என்று எனக்குச் சொன்னவன் நீ. பாப்பாவுக்கும் சின்ன வயசில் அதையே சொல்லியிருக்கிறாய். துணைக்கு மைனஸ் தெரியும், குச்சிப்பயலைத் தெரியாது. ஒல்லியான பையன் என்று நினைத்துக்கொண்டது. அது மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நான் ஆயிரம் சொல் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், இந்த ஒன்றைச் சொல்லித் தரத் தோன்றவில்லை.

பாப்பாவிடம், "உங்கப்பா இன்னும் அந்தக் கதை சொல்றாரா?" என்று கேட்டேன். "அப்பா இருக்கிறப்ப குச்சிப்பயல் இருந்தான் அத்தை. சார் வந்தப்புறம் மைனஸ் வந்துடுச்சு" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

வாலு


மார்ச் 25

வாலு,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் பிரித்தது தப்பு. பாட்டு டீச்சர் எதிரே உட்கார்ந்திருந்தார். பிராக்கெட்டுக்குள் ஒளிந்திருந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா திட்டுவார் என்ற வரியைப் படித்த பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தேன். "கண்ணுல ஏதாவது விழுந்துடுச்சா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இரண்டு பையன்களையும் கூப்பிட்டு, "தப்பு என் மேலடா, போங்க" என்றேன். வாத்தியார் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்ததில் அவர்கள் விசாரணையின்போது பயந்ததைவிட அதிகமாகப் பயந்துவிட்டார்கள். திருத்தமும் அன்றைக்கேதான் வந்தது. தலைமை ஆசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். யார் வீட்டுச் சொல் என்று நான் சொல்லவில்லை. எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பாப்பா சொன்ன அந்தப் போர்டு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மைனஸ் மூன்றை, பிராக்கெட்டுக்குள் இருந்த மைனஸ் நான்கோடு பெருக்கச் சொன்னேன். மைனஸ் பன்னிரண்டு என்று எழுதிவிட்டுச் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்காமல் நின்றாள். "சார் வீட்டுலயே இந்த லட்சணமா?" என்றேன். வகுப்பு சிரித்தது. என் மகள் என்பதற்காகச் சலுகை காட்டுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு. மற்றப் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். பாரேன், என் சொந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டிருக்கிறேன்.

நீ சிரிப்பாய், ஆனாலும் சொல்கிறேன். நேற்று ஆசிரியர் அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து துணையிடம் நானே கேட்டேன். மாணவன் மாதிரி. "மைனஸ் இன்டு மைனஸ் ஏன் பிளஸ்? எங்க சார் ரூல்னு சொல்லிட்டார்" என்று. "நல்ல கேள்வி, நீங்கள் காரணத்தைத் தேடுவது மகிழ்ச்சி" என்றது. அந்த 'நீங்கள்' கேட்டதில் எனக்கே உச்சி குளிர்ந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள். பிறகு, எழுந்து எதிர்ப்பக்கம் திரும்பி நின்று, அப்படியே பின்பக்கமாக நடந்து பாருங்கள், எங்கே போய்ச் சேருகிறீர்கள் என்றது. நடந்து பார்த்தேன், முதலில் பார்த்திருந்த பக்கமாகவே போய்ச் சேர்ந்தேன். பாட்டு டீச்சர் உள்ளே வந்துவிட்டார். அவர் மனதில் இந்த வாரம் நான் என்னவாகியிருப்பேன் என்று தெரியவில்லை.

விளக்கம் நன்றாகவே இருந்தது. புரியவில்லை, புரியவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். சலிக்காமல் வேறு வேறு விதமாகச் சொன்னது. எனக்குப் பொறாமை வந்தது. ஆசிரியர் அறையில் இல்லை இல்லை என்று சொல்வோமே, அதுவேதான். ஆனால் ஒன்று கேட்கிறேன், பதில் சொல்லு. அதற்கு நாற்பது பேர் இல்லை. மணி அடிக்கப்போவதில்லை. முதுகு வலி இல்லை. பொறுமை என்றால் பொறுத்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லாத இடத்தில் அதைப் பொறுமை என்று எப்படிச் சொல்வது?

பாப்பாவிடம் இன்னும் பேசவில்லை. கடிதம் வந்தது அவளுக்குத் தெரியும். நானும் அவளும் ஒரே வீட்டில் பூனை மாதிரி சுற்றிச் சுற்றி நடக்கிறோம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இதை மட்டும் துணையிடம் கேட்கவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 3

அண்ணா,

பின்பக்கமாக நடந்த இடத்தை உரக்கப் படித்துக் காட்டியதில் எங்கள் குழுவில் உனக்கு ரசிகர்கள் கூடிவிட்டார்கள்.

உன் கேள்வியை நானும் யோசித்தேன். நீ சொல்வது சரி, துணைக்குப் பொறுமை கிடையாது. பொறுமை இழப்பதற்கு அதற்கு வழி இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசம் தப்பாகப் போட்டுவிட்டு நிற்கிற பிள்ளைக்கு எதற்கு? யார் முகமும் சுருங்காத இடத்தில் தப்புப் பண்ணிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த இடம் வீட்டில் கிடைக்கவில்லை, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த மாதிரி இடமாக இருக்கத்தான் அதைச் செய்தோம். அதற்காக அதுவே போதும் என்று நான் சொல்ல மாட்டேன். அது அவளை 'நீங்கள்' என்று கூப்பிடுகிறதே ஒழிய, அவள் பேசுகிற சொல் அதற்குப் புரியவில்லையே. குச்சிப்பயல் என்றதும் சிரிக்கக்கூடிய ஆள் உலகத்தில் மூன்று பேர்தான். அதில் ஒருத்தன் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். துணை எந்தச் சூழ்நிலையிலும் சொல்லக் கூடாத வாக்கியங்கள் என்று எல்லோரும் எழுதினோம். நான் முதலில் எழுதியது, "இதுகூடத் தெரியாதா?" அதை எழுதும்போது காதில் கேட்டது உன் குரல். நீ வைத்த பட்டப்பெயர்களும் உன்னிடமிருந்துதான் வந்தன, அந்த வாக்கியமும் உன்னிடமிருந்துதான் வந்தது. எனக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க இத்தனை வருஷமாகியிருக்கிறது. கோபம்தான் எனக்கு உன் மேல். பிரியம் அதைவிட அதிகம், அதனால்தான் கோபம் வெளியே தெரியவில்லை.

இங்கே இரண்டு விஷயம் நடந்தது. இனிமேல் எந்த எச்சரிக்கையும் ஒரு ஆள் படிக்காமல் பள்ளிக்குப் போகாது. ஒல்லிப் பையன்களின் புண்ணியம். இன்னொன்று, குச்சிப்பயலையும் துணைக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று மேலாளர் சொன்னார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். அது எங்கள் வீட்டுச் சொல், தர முடியாது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பாப்பாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. ஆனால் எதில் முடிக்க வேண்டும் என்று தெரியும். தலைமை ஆசிரியையிடம் போய், பி பிரிவுக்கு மாற்றிவிடுங்கள் என்று சொல். ஆசிரியர் அறை நாலு நாள் சிரிக்கும். சிரிக்கட்டுமே.

வாலு


ஜூன் 22

வாலு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நடந்து முடியட்டும் என்று காத்திருந்தேன்.

பரீட்சை முடிந்த அன்று பாப்பாவை ஸ்கூட்டரில் கூட்டிவந்தேன். ஸ்கூட்டரில் ஒரு வசதி, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டாம். சாலையைப் பார்த்துக்கொண்டே, "அத்தை எழுதினதைப் படிச்சேன்" என்றேன். "அன்னிக்கு போர்டுல அப்படிச் சொன்னது தப்பு" என்றேன். சிக்னலில் நின்றபோதுதான் பேசினாள். அவள் சொன்னதை மாற்றாமல் தருகிறேன்.

"கிளாஸ்ல உங்களை சார்னு கூப்பிடறது பரவாயில்லப்பா. வீட்டுக்கு வந்தப்புறமும் நீங்க சாராவே இருக்கீங்க. சார்னா எனக்கு வேற யாராவது கிடைப்பாங்க. அப்பாவுக்கு வேற ஆள் இல்லையே."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார்கள்.

மறுநாளே தலைமை ஆசிரியையிடம் போனேன். "நல்லா யோசிச்சீங்களா சார்?" என்றார். என் மகள் யோசித்துவிட்டாள் என்றேன். ஆசிரியர் அறை நீ சொன்ன மாதிரியே சிரித்தது. நாலு நாளெல்லாம் இல்லை, இன்னும் ஓயவில்லை. இப்போது அவளுக்குக் கணக்கு எடுப்பது புதிதாக வந்திருக்கும் ஒரு டீச்சர். கெட்டிக்காரர், குரலை உயர்த்தாதவர். நானே அவரிடம் இரண்டு விஷயம் கற்றுக்கொள்ளலாம்.

பள்ளி திறந்த பிறகு இரண்டு வாரமாக நான் வாயே திறக்கவில்லை. பாடம் எப்படிப் போகிறது என்றுகூடக் கேட்கவில்லை. உன் அண்ணியால் நம்பவே முடியவில்லை, உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பாப்பா சாயங்காலம் அறைக்குள் போவாள், துணையோடு பேசுவாள். நான் கூடத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன்.

நேற்றுக் கதவு திறந்தது. நோட்டோடு வந்து என் எதிரே நின்றாள்.

"அப்பா, எங்க மிஸ் நடத்தினது புரியலை."

என் மனசுக்குள் என்ன குதித்தது என்று எழுதினால் ஆசிரியர் குலமே என்னைத் தள்ளி வைத்துவிடும். சக ஆசிரியையின் பாடம் புரியவில்லை என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். முகத்தை மட்டும் ஒழுங்காக வைத்துக்கொண்டேன்.

"துணைகிட்டக் கேட்டியா?"

"கேட்டேன். அதுவும் நல்லாத்தான் சொல்லுச்சு. நீங்க எப்படிச் சொல்வீங்கன்னு பார்க்கணும்."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். போன வருஷம் நான் நடத்திய பாடத்தின் தொடர்ச்சிதான், அந்தப் பழைய பாடத்தை மூன்று தடவை நடத்தியிருப்பேன். முதல் வரியிலேயே தப்பு. எனக்குப் பழக்கமான அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது வாலு. துணை சொல்லக் கூடாது என்று நீ முதலில் எழுதினாயே, அதேதான். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பென்சிலை இறுக்கிப் பிடித்திருந்தாள். வரப்போகிறது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் கதவைத் திறந்துகொண்டு வந்திருக்கிறாள்.

விடைத்தாள் கட்டை ஓரமாகத் தள்ளி அவளுக்கு இடம் பண்ணினேன்.

"உக்காரு" என்றேன். "எந்த இடத்துல புரியலை?"

அண்ணன்